பாவு காயும் வரை

சுங்குவார்சத்திரத்துக்குச் சற்று முன்னால் பஸ் நின்றுவிட்டது. ரேடியேட்டரில் தண்ணீர் இல்லை என்றார் ஓட்டுநர். சாலையோரக் குட்டையிலும் இல்லை. 1972ஆம் ஆண்டு ஆனி மாதம், ஒரு புதன்கிழமை. எல்லோரும் இறங்கிப் புளியமர நிழலில் ஒதுங்கினோம். கடைசியில் மோர் விற்க வந்த அம்மாளின் பானையை அப்படியே வாங்கி ஊற்றினார்கள். ஊற்றியது தண்ணீரா மோரா என்று கண்டக்டருக்கும் ஓட்டுநருக்கும் காஞ்சிபுரம் வரும்வரை சச்சரவு. மலேசியாவில், எங்கள் தெலுக் ஆன்சனில் பஸ் நின்றால் சாலையில் வெள்ளம் என்று பொருள். இங்கே வறட்சி.

அக்கா மகளுக்கு ஆவணியில் கல்யாணம். கூறைப்புடவையைக் காஞ்சிபுரத்தில் நேரில் பார்த்துத்தான் எடுக்க வேண்டும் என்று அக்கா பிடிவாதமாக இருந்தார். பினாங்கில் கிடைக்காததா என்று கேட்டேன். உன் நாடகத்துக்குப் பினாங்கில் வாங்கிக்கொள், என் மகளுக்குக் காஞ்சியில் வாங்கி வா என்று சொல்லிவிட்டார். எங்கள் ஊரில் ஒரு சிறிய நாடக மன்றம் நடத்துகிறோம். அதற்கு நான் செயலாளர். எனக்கு நடிக்க வராது. எந்த நாடகம் எந்த மாதம் போட்டோம், யார் என்ன வேடம், எந்தக் காட்சியில் விளக்கு அணைந்தது என்று எழுதி வைப்பது என் வேலை. புத்தகம் படித்தாலும் முடித்த தேதியைக் கடைசிப் பக்கத்தில் போட்டு வைப்பேன்.

பட்டுக்கடை முதலாளி ரங்கய்யா என்னை உட்காரவைத்துக் காப்பி வரவழைத்தார். எங்கள் ஊர்க் காப்பி கறுப்பாகக் குழம்பு மாதிரி இருக்கும். இது நுரையும் கசப்புமாக வேறு சாதி. அக்கா கேட்ட அரக்கு நிறத்தில், மயில்கழுத்துக் கரை வைத்த புடவை கடையில் இல்லை, தறியில் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை நெய்து முடித்து அறுத்துவிடுவார்கள் என்றார். திங்கட்கிழமை அமாவாசை, அன்று ஊரில் எந்தத் தறியும் ஓடாது, ஆகையால் எப்படியும் ஞாயிறு முடிந்துவிடும் என்று உறுதி சொன்னார். வேண்டுமானால் நெய்கிற வீட்டுக்கே போய்ப் பார்க்கலாம் என்று ஏகாம்பரம் என்பவரின் விலாசத்தையும் கொடுத்தார். பண்பான மனிதர். அதை இங்கேயே எழுதிவிடுகிறேன், பின்னால் எழுத இடம் கிடைக்காது.

வியாழக்கிழமை காலை, கோயில் வாசலில் இட்லி. மிளகும் சீரகமும் சுக்கும் சேர்த்து, மூங்கில் குடலையில் இலை வைத்து வேகவைத்தது. ஒரு இட்லி ஒரு குடும்பத்துக்குப் போதும் போலிருந்தது. துண்டு போட்டுத்தான் தந்தார்கள். அதைத் தின்றுவிட்டு ஜட்கா பிடித்தேன். ஏகாம்பரத்தின் சந்துக்குள் திரும்பியதும் ஜட்காக்காரர் குதிரையை இழுத்துப் பிடித்தார். சந்தின் அகலத்தை முக்கால்வாசி அடைத்துக்கொண்டு, இடுப்பு உயரத்தில், பச்சைப் பட்டு இழைகள் நீளமாக இழுத்துக் கட்டப்பட்டிருந்தன. தறியில் ஏற்றப்போகிற நீள இழைகள் அவை. பாவு என்பார்கள். காலை வெயிலில் தெருவில் நீட்டி, அறுந்த இழைகளை முடிந்து, கஞ்சி தடவி, காய்ந்தபின் சுருட்டி வீட்டுக்குள் கொண்டுபோவார்கள்.

"பாவு கெடக்குது சார். கலெக்டரே வந்தாலும் இங்க நிக்க வேண்டிதான்" என்று சொல்லிவிட்டு ஜட்காக்காரர் பீடி பற்றவைத்தார்.

ஓரமாக நடந்து போய்விடலாம் என்று நான் இறங்கினேன். கஞ்சிச் சட்டியும் கஞ்சி தடவும் குச்சமுமாக நின்ற ஒரு பெண் கையைக் குறுக்கே நீட்டினார். முப்பது வயது இருக்கலாம்.

"ஈரம் சார். நீங்க நடந்தா தூசி ஏறும், பட்டுல ஒட்டிக்கும். காயட்டும், அப்புறம் வாங்க."

எப்போது காயும் என்று கேட்டேன். உள்ளங்கையைப் பாவின்மேல் வைத்துப் பார்த்தார். வெயிலைக் கேளுங்கள் என்றார். பின்னாலேயே ஒரு கார் வந்து ஆரன் அடித்தது. திரும்பிப் பார்த்தால் ரங்கய்யா. பாவைப் பார்த்ததும் ஆரனை நிறுத்திவிட்டு, மறுபேச்சில்லாமல் வண்டியைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பாவைச் சுருட்டியபின் அந்தப் பெண்ணே என்னை ஏகாம்பரத்தின் வீட்டுக்கு அழைத்துப்போனார். அவர் பெயர் தனபாக்கியம். ஏகாம்பரத்தின் மனைவி. பக்கத்து வீட்டுப் பாவுக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்தாராம். உள்ளே நுழையுமுன்பே ஒரு ராஜாவின் குரல் கேட்டது. "இந்த ஊரைத் தந்தோம்." தறிப்பலகை ஒரு அடி. "ஏரியைத் தந்தோம்." மறுபடி ஒரு அடி. "ஏரிக்கரையைத் தந்தோம்." குழித்தறியில் கால்களை இறக்கி உட்கார்ந்து ஏகாம்பரம் நெய்துகொண்டே ஆணையிட்டுக்கொண்டிருந்தார். என் அக்கா மகளின் புடவை அந்த ராஜ்யத்தில்தான் வளர்ந்துகொண்டிருந்தது.

நாடகம் அவர் எழுதியது. பெயர் 'கூரத்துக்காரி'. பக்கத்தில் கூரம் என்ற ஊருக்குப் பல்லவ அரசன் ஒருவன் கொடுத்த செப்பேடு கிடைத்திருக்கிறது. அதைப் பற்றி யாரோ சொல்லக் கேட்டு, செப்பேட்டில் இல்லாத ஒருத்தியை அவர் உண்டாக்கியிருந்தார். அரசன் ஊரைத் தானம் கொடுக்கிறான். தானம் கொடுத்த எல்லைக்குள் அவள் வீடு இருக்கிறது. கொடுக்குமுன் என்னைக் கேட்டாயா என்று அவள் அரசனைக் கேட்கிறாள். அவ்வளவுதான் கதை. வசனங்கள் எல்லாம் துண்டு துண்டு. குறுக்கிழையை ஏந்திய நாடா ஒரு பக்கமிருந்து மறுபக்கம் போய்ச் சேரும் நேரத்துக்குள் ஒரு வாக்கியம் முடிந்துவிட வேண்டும் என்பது அவர் கணக்கு. நீளமான வாக்கியம் எழுதினால் இழை அறுந்துவிடுகிறதாம்.

எதிர்ப்பக்கம் உட்கார்ந்து, கரைக்கான நாடாவை எறிந்துகொண்டே தனபாக்கியம் கூரத்துக்காரியின் வசனங்களைச் சொன்னார். புத்தகம் பார்க்கவில்லை. நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். மேடையில் அந்த வேடம் யார் என்று விசாரித்தேன். தறி நின்றுவிட்டது.

இதுவரை போட்ட இரண்டு நாடகங்களுக்கும் மெட்ராசிலிருந்து நடிகையை வரவழைத்தார்களாம். சம்பளத்துக்கு வருகிற பெண், மதியம் வந்து இறங்கும், வசனம் கேட்கும், சாயங்காலம் மேடை ஏறும். சொல்லிக் கொடுத்தது தனபாக்கியம்தான். எங்கள் மன்றத்திலும் ஈப்போவிலிருந்து ஒருவரை அழைக்கிறோம், அதே கதைதான் என்றேன்.

"இந்த வாட்டி ஆள் வரல சார்" என்றார் தனபாக்கியம். "நான் சொல்லிக் குடுக்கறதாம். நான் சொன்னதை அது திருப்பிச் சொல்றதாம். அதை நானே கீழ குந்திக்கினு பாக்கறதாம். ரெண்டு வாட்டி பாத்துட்டேன். போதும்."

ஏகாம்பரம் குனிந்து, அறுந்துபோகாத இழை ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை கூரம் போக ஆசைப்பட்டேன். நாடகத்தின் டைரக்டர் சாமுவேல் சைக்கிளில் அழைத்துப்போவதாகச் சொன்னார். ஐயம்பேட்டையில் தையல்கடை வைத்திருப்பவர். திரை, உடை, கிரீடம் எல்லாம் அவர் கைவேலை. நிதானமான மனிதர், எதையும் இரண்டு தரம் அளந்துதான் பேசுவார். நான் பின்னால் கேரியரில் உட்கார்ந்த கொஞ்ச தூரத்தில் டயர் வெடித்தது. உங்கள் ஊரில் நன்றாகச் சாப்பாடு போடுகிறார்கள் போலிருக்கிறது என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தார். மீதித் தூரம் நடந்தே போய்க் கோயிலைப் பார்த்தோம்.

திரும்பும்போது அந்த ஊரில் பயிர்செய்யும் வரதனின் மாட்டுவண்டி ஏற்றிக்கொண்டது. நாடகத்தில் ராஜா இவர்தான். நல்ல உடம்பு, அதைவிட நல்ல குரல். மாட்டை அதட்டினாலே சாமரம் வீசத் தோன்றும். கூரத்துக்காரி ராஜாவுக்குக் கூழும் பச்சை மிளகாயும் கொடுக்கிற காட்சி ஒன்று இருப்பதாகச் சொன்னார். நான் சும்மா இருந்திருக்கலாம். பல்லவர் காலத்தில் மிளகாய் ஏது, அது பல நூறு வருஷம் கழித்துப் பறங்கிக்காரன் கப்பலில் வந்தது என்றேன். வரதன் வண்டியை நிறுத்திவிட்டார். சாமுவேல் பொறுமையாக விளக்கினார். கடைசிக் காட்சியில் ராஜா அழ வேண்டும், வரதனுக்கு அழுகை வராது, மிளகாய் கடித்தால்தான் வரும். வெங்காயம் வைத்துக்கொள்ளலாமே என்றேன். உரித்தால் எல்லோரும் அழுவார்கள், ராஜா மட்டும் அழ வேண்டும் என்றார் சாமுவேல். மிளகாய் நாடகத்தில் இருந்துவிட்டது. அதை ஆட்சேபத்துடன் பதிவு செய்கிறேன்.

அன்று சாயங்காலம் ரங்கய்யா ஏகாம்பரத்தைக் கடைக்கு அழைத்துப் பேசினார். நாடகம் அமாவாசையன்று மாலை தெருப் பொதுமண்டபத்தில் நடப்பதாக ஏற்பாடு. மண்டபக் கமிட்டிக்கு ரங்கய்யாதான் தலைவர். ஏகாம்பரத்துக்குப் பாவும் ஜரிகையும் கொடுப்பவரும் அவரே. தனபாக்கியம் மேடை ஏறுவதாகக் கேள்விப்பட்டாராம். மெட்ராசிலிருந்து நல்ல நடிகையாக வரவழைத்துத் தருகிறேன், செலவு என்னுடையது, மண்டபத்தையும் ஜோடித்துத் தருகிறேன், நம் தெருப் பெண்பிள்ளை நாலு பேர் நடுவில் நின்று ராஜாவைக் கேள்வி கேட்க வேண்டாம் என்றிருக்கிறார். நாளைக்கு இந்தத் தெருவில் பெண் கொடுக்கல் வாங்கல் எப்படி நடக்கும் என்றும் கேட்டிருக்கிறார்.

ஏகாம்பரம் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது நாங்கள் எல்லோரும் இருந்தோம். சாமுவேல் மண்டபம் கிடைப்பதைப் பற்றி யோசித்தார். வரதனுக்கு மெட்ராஸ் நடிகை என்றதும் முகம் மலர்ந்தது உண்மை. ஏகாம்பரம் மனைவியைப் பார்க்காமலே, இந்த ஒரு தடவை விட்டுவிடலாமா என்று கேட்டார்.

"நீ எழுதினதை விட்டுடு, நானும் விட்டுடறேன்" என்றார் தனபாக்கியம். "கேக்காம குடுத்துட்டான்னு ராஜாகிட்ட சண்டை போடறவளை எழுதிட்டு, எங்கிட்ட கேக்காமலே என் வேஷத்தைக் குடுத்துட்டு வந்து நிக்கிறியே."

ஒவ்வொருவராக எழுந்து செருப்பைத் தேடினோம். வரதன் மட்டும் போகிறபோது, வசனம் நன்றாயிருக்கிறது, இதையும் நாடகத்தில் சேர்த்துவிடு என்று ஏகாம்பரத்தின் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை நான் சாப்பிடுகிற மெஸ்ஸில் ரங்கய்யாவும் அவருடைய கணக்குப்பிள்ளையும் என் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். முருங்கைக்காய் சாம்பார், வாழைப்பூப் பொரியல். எங்கள் ஊரில் கருவாடு இல்லாத சனிக்கிழமை கிடையாது, இருந்தாலும் இந்தப் பொரியலுக்காக மன்னிக்கலாம். இருவரும் தெலுங்கில் பேசிக்கொண்டார்கள். நான் சிறுவயதில் பாகான் டத்தோ பக்கம் தெலுங்குக் குடும்பங்கள் நிறைந்த தோட்டத்தில் வளர்ந்தவன் என்பது அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் பேசியதைத் தமிழில் எழுதினால் இப்படி வரும்.

கணக்குப்பிள்ளை: "வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிடலாமே."

முதலாளி: "சொன்னால் நான் பொல்லாதவன் ஆவேன். திங்கட்கிழமை நீ மண்டபச் சாவியோடு திருப்பதிக்குப் போய்விடு. சாவி இல்லை என்றால் யார் என்ன செய்ய முடியும்?"

கணக்குப்பிள்ளை: "திருப்பதிக்கு என் வீட்டுக்காரியும் வருவேன் என்பாளே."

முதலாளி: "அழைத்துக்கொண்டு போ. இப்போது இலையில் மோர் ஊற்றச் சொல்."

கைகழுவிவிட்டு நேராக ஏகாம்பரத்தின் வீட்டுக்குப் போனேன். விருந்தாளி இதில் தலையிடலாமா என்று வழியெல்லாம் யோசித்தேன். எங்கள் மன்றத்துக்கும் ஒரு தடவை கடைசி நேரத்தில் மண்டபம் இல்லை என்று கைவிரித்திருக்கிறார்கள். அன்று நாங்கள் நாற்காலிகளை வாடகைக்கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனோம். இங்கே அப்படி நடக்கக் கூடாது என்று தோன்றியது.

நான் சொன்னதைக் கேட்டுச் சாமுவேல் வேறு மண்டபங்களின் பெயர்களைச் சொல்லத் தொடங்கினார். ஒவ்வொன்றுக்கும் ஏகாம்பரம் தலையை ஆட்டினார். எல்லாக் கமிட்டியிலும் யாராவது ஒரு கடை முதலாளி இருந்தார். தெருவிலேயே போட்டால் என்ன என்றார் வரதன். முதலாளியின் ஆட்கள் நடுவில் புகுந்து கலைத்துவிடுவார்கள் என்றார் சாமுவேல். தனபாக்கியம் ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தார்.

"செவ்வாய்க்கெழமை காலைல நம்ம புதுப் பாவு நீட்டணும் இல்ல?" என்று கணவரைக் கேட்டார்.

ஆமாம் என்றார் ஏகாம்பரம். புடவையை அறுத்தபின் அடுத்த பாவு. அதுவும் ரங்கய்யா கொடுத்ததுதான், உயர்ந்த பட்டு.

"இது முட்டுச்சந்து. வாய்ல பாவு கெடந்தா எவன் உள்ள வருவான்?"

சந்தின் மறுகோடியில் முனிசிபல் பள்ளிக்கூடத்தின் பின்சுவர். வேறு வழியே கிடையாது. சாமுவேல் எழுந்துபோய்ச் சந்தைப் பார்த்துவிட்டு வந்தார். நாடகத்தை விடியற்காலையில் யார் பார்ப்பார்கள் என்று கேட்டார். காலையில் எல்லோரும் வாசலில்தான் இருக்கிறார்கள், ராத்திரியில்தான் தூங்கிவிடுகிறார்கள் என்றார் தனபாக்கியம். வரதன் தொடையைத் தட்டிச் சிரித்தார். பெட்ரோமாக்ஸ் வாடகை மிச்சம் என்றார். ஒரே ஒரு தொந்தரவுதான், பாவு காய்வதற்குள் நாடகம் முடிய வேண்டும். காய்ந்த பாவைத் தெருவில் வைத்திருக்க முடியாது. ஆனி வெயில், காற்று வேறு. சாமுவேல் உடனே பென்சிலை எடுத்துக் காட்சிகளைக் குறைக்கத் தொடங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை புடவையை அறுத்தார்கள். கடையில் ரங்கய்யா அதைத் தம் கையாலேயே மடித்துக் கொடுத்தார். அக்கா குறை சொல்ல ஒன்றும் இல்லாத புடவை. கொடுக்கும்போது, நீங்கள் வெளியூர்க்காரர், நாலு நாள் இருந்துவிட்டுப் போகிறவர், இங்கே உள்ளவர்களைத் தூண்டிவிட்டுப் போகக் கூடாது என்றார். எங்கள் ஊரில் நான் யாரையும் தூண்டிவிட முடிந்ததில்லை, இங்கே முடிந்திருந்தால் சந்தோஷம் என்று பதில் சொன்னேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

திங்கட்கிழமை அமாவாசை. தறிச்சத்தம் இல்லாத காஞ்சிபுரத்தில் காக்கைகளின் சத்தம் பெரிதாகக் கேட்கிறது. மாலையில் ஜனங்கள் பாய்களோடு மண்டபத்துக்கு வந்தார்கள். கதவில் பூட்டு. திட்டம் தெரிந்தும் ஏகாம்பரம் எதற்காக அவர்களை அங்கே வரவிட்டார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பூட்டை எல்லோரும் பார்க்க வேண்டும். எல்லோரும் பார்த்தபின், கோபமில்லாமல், காலையில் எங்கள் சந்தில் பாவு நீட்டுகிறோம், வந்துவிடுங்கள் என்று மட்டும் சொன்னார். வரதனின் வண்டி ஏற்கெனவே சந்துக்குள் போய்விட்டது. மாட்டை அவிழ்த்துவிட்டு வண்டியை மேடை ஆக்கியிருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை விடியும்போது சந்து நிறைந்திருந்தது. ராட்டையோடு வந்து உட்கார்ந்த பெண்கள், பல்குச்சியோடு வந்த ஆண்கள், பால்சொம்போடு வந்துவிட்டு வீட்டுக்குப் போக மறந்தவர்கள். சந்தின் வாயில் சாம்பல் கலந்த ஊதா நிறத்தில் பாவு நீண்டிருந்தது. நாலைந்து பேர் இரண்டு பக்கமும் நின்று கஞ்சி தடவினார்கள். தனபாக்கியம் மேடை ஏறிவிட்டதால் வசனம் எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை. நோட்டுப் புத்தகத்தை என் கையில் கொடுத்து வண்டிச் சக்கரத்துக்குப் பின்னால் உட்காரவைத்தார் சாமுவேல். கடல் கடந்து வந்து வேலை கிடைத்தது.

வரதன் ராஜாவாக எழுந்து முதல் வசனத்தைச் சொன்னார். பள்ளிக்கூடச் சுவர் எதிரொலித்தது. நாக்கு புரண்ட இடத்தில் நான் எடுத்துக் கொடுத்தேன். மூன்றாம் காட்சியை அவசரத்தில் பாதியாக ஓட்டினார்கள். தனபாக்கியம் முதல் தடவை வண்டியில் ஏறியபோது யாரோ ஒரு பெண், "நம்ம தனமா அது" என்று கேட்டது எல்லோருக்கும் கேட்டது. அதற்குப் பிறகு நூல் சுற்றுகிற ராட்டைகள் நின்றுவிட்டன.

ரங்கய்யாவின் கார் வந்தது அதற்குப் பின்னால். அவரோடு இரண்டு ஆட்களும் இறங்கினார்கள். பாவுக்கு முன்னால் மூவரும் நின்றார்கள். ஆட்களில் ஒருவன் ஓரமாக ஒரு கால் எடுத்து வைத்தான். "ஈரம்டா" என்று ரங்கய்யாவே அவன் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டார். அவருடைய பட்டு. தூசி படுவதை அவரால் தாங்க முடியாது. கைகளைக் கட்டிக்கொண்டு வெயிலைப் பார்த்து நின்றார். வெயில் அவர் பக்கம் இருந்தது. காற்றும்.

கூழ்க் காட்சி முடிந்தது. ராஜா மிளகாயைக் கையில் மறைத்துக்கொண்டார். பாவின் நிறம் வெளுத்து வருவது நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிந்தது. இழைகள் காய்ந்தால் அப்படித்தான் வெளுக்கும். கஞ்சி தடவியவர்கள் சாமுவேலைப் பார்த்தார்கள். சாமுவேல் என் பக்கம் குனிந்தார்.

"கடைசிக் காட்சியை விட்டுடலாம் சார். ராஜா பாட்டோட முடிச்சிடுவோம். நோட்டை மூடுங்க."

கடைசிக் காட்சிதான் கூரத்துக்காரி ராஜாவைக் கேள்வி கேட்கிற காட்சி. நான் நோட்டை மூடவில்லை. கையில் வைத்துக்கொண்டு தனபாக்கியத்தைப் பார்த்தேன். அவர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டார். என்ன நடக்கிறது என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வண்டியிலிருந்து இறங்கினார். கூரத்துக்காரியின் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கூட்டத்தின் நடுவே நடந்து பாவின் தலைப்புக்குப் போனார். கஞ்சிச் சட்டியை இடுப்பில் வைத்துக் குச்சத்தை நனைத்தார். ஏகாம்பரம் தன்னை அறியாமல் வேண்டாம் என்றார். இரண்டாம் கஞ்சி ஏறிய பாவு விறைத்துப்போகும், இழைகள் சட்சட்டென்று அறும், அதை நெய்யப்போவது அவர்தான். தனபாக்கியம் குச்சத்தைப் பாவின்மேல் இழுத்தார்.

"ஊரைத் தந்தீர்கள்." ஒரு இழுப்பு. "சரி." ஒரு இழுப்பு. "ஊருக்குள் என் வீடு இருந்தது."

தறியில் பலகை விழுகிற அதே கணக்கில் குச்சம் போனது. ஒரு அடி எடுத்து வைப்பார், ஒரு வாக்கியம் சொல்வார், பாவு ஓர் அடி கறுக்கும்.

"ஏரியைத் தந்தீர்கள். அதில் நான் சுமந்த மண் இருந்தது. கரையைத் தந்தீர்கள். அதில் என் பிள்ளை கட்டிய கல் இருந்தது. செப்பேட்டில் உங்கள் பேர் இருக்கிறது. தானம் வாங்கியவர் பேர் இருக்கிறது. என் பேர் எங்கே?"

நான் எடுத்துக் கொடுக்க ஒன்றுமில்லை. வண்டியின்மேல் நின்ற வரதன் மிளகாயைக் கடிக்க மறந்துவிட்டார். பிறகு பார்த்தபோது அவர் கண்கள் நனைந்திருந்தன, மிளகாய் கையிலேயே இருந்தது. பாவின் மறுகோடியில் தனபாக்கியம் நின்றார். எதிரே, கை எட்டும் தூரத்தில் ரங்கய்யா. நாடகத்தில் அந்தக் கடைசி வரி ராஜாவைப் பார்த்துச் சொல்ல வேண்டியது. ராஜா தனபாக்கியத்தின் முதுகுக்குப் பின்னால் இருந்தார்.

"கேட்டுவிட்டுக் கொடுங்கள். கேட்டால் நானே கொடுத்திருப்பேன்."

முதலில் கைதட்டியது வாசலில் ராட்டையோடு உட்கார்ந்திருந்த பெண்கள்.

ரங்கய்யா சட்டையில் தெறித்த கஞ்சித் துளிகளைத் துடைக்கவில்லை. தனபாக்கியத்தோடு பேசாமல், அவர் தலைக்கு மேலாக ஏகாம்பரத்தைப் பார்த்து, உனக்கு நான் கொடுக்கிற கடைசிப் பாவு இதுதான், இதையும் சுருட்டி வேறு தறிக்கு அனுப்பு என்றார்.

ஏகாம்பரம் வாயைத் திறக்குமுன் தனபாக்கியம் பதில் சொன்னார்.

"ரெண்டு வாட்டி கஞ்சி குடிச்ச பாவு மொதலாளி. இதை வேற எவன் தறில ஏத்துவான்? ஏத்தினா மொழத்துக்கு நூறு எழை அறும். எங்க வீட்டுக்காரு ஒருத்தர்தான் பொறுமையா முடிஞ்சி முடிஞ்சி நெய்வாரு. அதுவும் நான் எதிர்ல குந்தினாத்தான்."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. ஏகாம்பரமும் சிரித்தார், கொஞ்சம் பயத்தோடு. ரங்கய்யா பாவைப் பார்த்தார். பட்டு தெரிந்தவர், தனபாக்கியம் சொன்னது மெய் என்று அவருக்குத் தெரியும். சரி, நெய்து முடி, பிறகு பேசிக்கொள்வோம், முதலில் இதைச் சுருட்டி வழியை விடுங்கள் என்றார்.

கஞ்சி தடவியவர்கள் அசையவில்லை. அவர்கள் ரங்கய்யாவையும் பார்க்கவில்லை, ஏகாம்பரத்தையும் பார்க்கவில்லை. தனபாக்கியம் சட்டியைக் கீழே வைத்துவிட்டு உள்ளங்கையைப் பாவின்மேல் மெதுவாக வைத்தார். கொஞ்ச தூரம் தள்ளி இன்னொரு இடத்தில் வைத்தார்.

"இன்னும் காயல" என்றார். பிறகு வண்டியைத் திரும்பிப் பார்த்தார். "வரதண்ணே, மூணாங்காட்சியைப் பாதியா ஓட்டிட்டீங்க. அதை முழுசா ஆரம்பிங்க."

வரதன் கிரீடத்தைச் சரிசெய்துகொண்டார். நான் நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினேன்.